சுண்டைக்காயும் சுமைகூலியும்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாங்கிய பொருளின் விலையைக் காட்டிலும் அதை வீடு கொண்டுவந்து சேர்க்கும் செலவு மிகுந்துவிட்டதே என்று நம் பாட்டிமார் அங்கலாய்த்த சொல் அது. கூடை சுமந்து சந்தைக்குச் சென்று திரும்பிய காலம் போய், சந்தையே கைப்பேசிக்குள் புகுந்து நம் கூடத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் அப்பழமொழி பொய்க்கவில்லை. சுமைகூலிக்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. ‘சேவைக் கட்டணம்’, ‘தளக் கட்டணம்’, ‘வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம்’ என இன்று அதற்குப் பல பெயர்கள்.

கடைக்காரர் அல்லாத ஒரு தனி மனிதரிடமிருந்து, இணையச் சந்தை வழியாக நாம் ஒரு பழைய பொருளை வாங்குகிறோம். விற்பவருக்கு விலை கொடுத்தாயிற்று. அதற்கு மேல், சந்தை நடத்துகிறவர் நம்மிடமும் ஒரு தொகை கேட்கிறார். அது நியாயமானதா? அதை உண்மையில் சுமப்பவர் யார்? அதைத் தவிர்க்க எண்ணிக் குறுக்கு வழியில் செல்வோருக்கு நேர்வது என்ன? நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இவை. ஆகவே சற்று விரிவாகவே இதனைப் பார்ப்போம்.

ஒரு தையல் இயந்திரத்தின் கதை

திருப்பனந்தாள் பக்கத்தில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அப்பகுதியில், குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் பயிரிட்டுப் பிழைக்கும் எளிய குடும்பம். மூத்த மகள் தையற் பயிற்சி முடித்தவள். சொந்தமாக ஓர் இயந்திரம் இருந்தால் ரவிக்கை தைத்தாவது வீட்டுக்கு உதவலாம் என்பது அவள் ஆசை. புதிது வாங்க வசதியில்லை. குறுவை அறுத்த கையோடு, பழைய பொருள்கள் கைமாறும் இணையச் சந்தை ஒன்றில் தேடினார்கள். கோவைப் பக்கத்து மனிதர் ஒருவர், மோட்டார் பொருத்திய இயந்திரம் ஒன்றை 6,500 ரூபாய்க்குத் தருவதாகப் படத்துடன் அறிவித்திருந்தார்.

எல்லாம் பேசி முடித்துப் பணம் கட்டப்போகும் வேளையில் திரையிலிருந்த தொகை 6,500 ரூபாயாக இல்லை. பாதுகாப்புக் கட்டணம் 325 ரூபாய், அனுப்பும் செலவு 780 ரூபாய், ஆக மொத்தம் 7,605 ரூபாய் என்று இருந்தது. தகப்பனார் திகைத்துக் கையை இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் விற்பவரே தொலைபேசியில் அழைத்தார். “எதற்கு அண்ணா, நடுவில் இருப்பவனுக்கு வீணாகக் கொடுக்கிறீர்கள்? பணத்தை நேராக எனக்கே அனுப்பிவிடுங்கள். லாரிப் பார்சலில் போட்டுவிடுகிறேன். வாடகையை அங்கே கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. பணம் சென்றது. இயந்திரம் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தொலைபேசி எண்ணும் அணைந்துவிட்டது. சந்தை நடத்துவோரிடம் முறையிட்டதற்கு, ‘எங்கள் வழியாகப் பணம் செலுத்தப்படவில்லை, ஆகவே நாங்கள் பொறுப்பல்ல’ என்று பதில் வந்தது. 325 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 6,500 ரூபாயை இழந்தது அக்குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது அந்தத் தாய் நம்மிடம் கேட்டார்: “அந்த முந்நூற்று இருபத்தைந்து ரூபாய் எதற்காக என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், கடன் வாங்கியாவது கட்டியிருப்போமே, ஐயா!” இக்கட்டுரைக்கு வித்து அந்த ஒரு கேள்விதான்.

தரகு புதிதன்று

இடையில் நிற்பவர் கூலி பெறுவது நமக்குப் புதிய வழக்கமன்று. மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தரகர் தம் கையைத் துண்டால் மூடி, வாங்குபவரின் விரலைப் பிடித்து விலை பேசுவார். வியாபாரம் முடிந்ததும் அவருக்குத் தரகு உண்டு. அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார், சுழி பார்ப்பார், விற்பவர் எந்த ஊர், யார் மகன் என்பதையும் அறிந்திருப்பார். நாளை மாடு நோயுற்றுப் படுத்துவிட்டால் வாங்கியவர் முதலில் தேடிப் போவதும் அவரைத்தான். ஆகவே தரகு என்பது வெறும் பேச்சுக்கான கூலியன்று. அறியாத இருவருக்கு இடையே நம்பிக்கையை உண்டாக்குவதற்கான கூலி அது.

சந்தையில் வாங்கப்படும் கட்டணம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு நம் சோழ நாட்டு வரலாறே சான்று. 1070-இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் எத்தனையோ போர்களை நடத்தியவன். ஆனால் மக்கள் அவனுக்கு வழங்கிய பெயர் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது. ஒரு கட்டணத்தை நீக்கிய செயல் ஒரு மன்னனின் பெயராகவே நிலைத்துவிட்டது!

வாங்குபவரே கட்டணம் செலுத்தும் முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டும் நம் வட்டாரத்திலேயே உண்டு. விளைபொருளை விற்கச் செல்லும் விவசாயி எடையிலும் விலையிலும் தரகிலும் ஏமாறக் கூடாது என்ற நோக்கத்துடன், 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழித்தோன்றலாக வந்ததே 1987-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். கோடைக்காலத்தில் கும்பகோணம், பாபநாசம் ஆகிய ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குப் பருத்தி மூட்டைகளுடன் செல்லும் நம்மவர் பலர். அங்கே மறைமுக ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு வியாபாரியும் மற்றவர் அறியாமல் தம் விலையை எழுதிக் கொடுக்கிறார். கூடுதல் விலை எழுதியவருக்குப் பொருள் செல்கிறது. விற்பனைக்கூடத்துக்குரிய கட்டணம் பொருளின் மதிப்பில் 1 சதவிகிதம். அதைச் செலுத்துபவர் வாங்கும் வியாபாரி. விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கப்பட்ட ‘இ-நாம்’ என்னும் தேசிய வேளாண் சந்தையின் மூலம் இத்தகைய ஏலம் இணையத்துக்கும் வந்துவிட்டது. தனி மனிதர் விற்க, வாங்குபவர் கட்டணம் செலுத்தும் இணையச் சந்தை என்பது, ஆகவே, நம் ஊருக்கு அந்நியமான ஒன்றன்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 1 சதவிகிதத்தை வியாபாரி ஏலம் எழுதுவதற்கு முன்பே அறிவார். அது எதற்காக என்பதையும் அறிவார். கூடத்தில் நம்பகமான தராசு இருக்கிறது; பல வியாபாரிகளின் போட்டி இருக்கிறது; விற்றதற்குச் சீட்டு இருக்கிறது. நெல் விற்கப் போன இடத்தில் எந்தச் சீட்டிலும் எழுதப்படாத ‘மூட்டைக் காசு’ கொடுத்து மனம் நொந்த விவசாயிகளுக்கு, எழுதப்பட்ட கட்டணத்துக்கும் எழுதப்படாத காசுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

விற்பவரை விட்டு வாங்குபவரிடம்

இனி, பழைய பொருள் விற்கும் இணையச் சந்தைகளின் வரலாற்றுக்கு வருவோம். 1995-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஈபே’ நிறுவனம் இத்துறையின் மூத்த பிள்ளை எனலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘பாஸி’ என்னும் சந்தையை 2004-இல் அது வாங்கியது. ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டின்படி, வாங்குபவர் செலுத்திய பணம் உடனே விற்பவர் கைக்குச் செல்லாமல் இடையே நிறுத்தி வைக்கப்பட்டது. மாட்டுச் சந்தைத் தரகர் செய்த வேலையை ஒரு கணக்கு செய்தது என்று கொள்ளலாம். 2018 ஆகஸ்டில் அந்த இந்தியச் சந்தை மூடப்பட்டது. அதே காலத்தில் ‘ஓ.எல்.எக்ஸ்.’ போன்ற விளம்பரச் சந்தைகள் பெருகின. அங்கே விற்பவரும் வாங்குபவரும் சந்தித்துக்கொள்ளலாம். விலையும் பணமும் பெரும்பாலும் அவர்கள் பாடு. கட்டணம் இல்லை. கட்டணத்துக்குரிய காவலும் இல்லை.

நெடுங்காலம் இச்சந்தைகள் விற்பவரிடமே கட்டணம் பெற்றுவந்தன. கடைக்காரருக்கு அது பழகிய செலவு. ஆனால் வீட்டில் கிடக்கும் ஒரு பழைய சட்டையை விற்க வரும் தாய்க்கு, விற்ற காசில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டால் ஆர்வம் போய்விடும். பொருள் வராத சந்தைக்கு வாங்குபவரும் வரமாட்டார். இதை உணர்ந்து, லித்துவேனியா நாட்டில் 2008-இல் தோன்றிய ‘விண்டட்’ என்னும் பழைய ஆடைச் சந்தை 2016-இல் முறையை மாற்றியது. விற்பவருக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்து, அதை வாங்குபவரின் தலைக்கு மாற்றியது. பொருளின் விலை எதுவாயினும் ஒரு நிலையான தொகை, அதனுடன் விலையில் ஒரு சதவிகிதம் என்பது அதன் கணக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அது 70 சென்ட்டும் 5 சதவிகிதமும் என்ற அளவில் அமைந்தது.

பெரியவர் போன வழியில் சிறியவர் போவது உலக வழக்கம். இங்கே சிறியவர் போன வழியில் பெரியவர் சென்றார். ஈபே நிறுவனம் ஜெர்மனியில் 2023 மார்ச்சிலும் பிரிட்டனில் 2024 அக்டோபரிலும் தனி மனிதர்களிடம் பெற்ற விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. பின்னர் 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் வாங்குபவர் மீது பாதுகாப்புக் கட்டணம் விதித்தது. தொடக்கத்தில் அது 75 பென்ஸ், அதனுடன் 300 பவுன் வரையிலான விலைக்கு 4 சதவிகிதம். அதாவது, லண்டனில் வாழும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று 100 பவுனுக்கு விற்பதாக எழுதிய பொருள், வாங்க வந்தவரின் கண்ணுக்கு 104 பவுன் 75 பென்ஸாகத் தெரிந்தது.

உண்மையில் சுமப்பவர் யார்?

‘விற்பவருக்கு இலவசம்’ என்ற சொல் காதுக்கு இனிமையானது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு உண்மையன்று. ஒருவர் ஒரு பழைய கைப்பேசிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தைக் கட்டணம் 5 சதவிகிதமானால், அவர் விற்பவருக்குக் கொடுக்கக் கூடியது ஏறத்தாழ 4,760 ரூபாய்தான். மீதி 240 ரூபாய் சந்தைக்கு. கட்டணச் சீட்டில் வாங்குபவர் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் விலை குறைந்ததனால் இழந்தவர் விற்பவர். பொருளுக்கு ஆவல் மிகுந்து, வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் சுமை அவருடையது. பெரும்பாலும் இருவரும் பங்கிட்டுக்கொள்வதே நடக்கிறது.

பருத்தி ஏலத்திலும் இதுவே நிலை. குவிண்டாலுக்கு 7,070 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கும் வியாபாரி, 1 சதவிகிதக் கட்டணத்தை நினைத்து 7,000 என்றே சீட்டில் எழுதுவார். ஆனால் அங்கே விவசாயி இழக்கும் அந்த 70 ரூபாய்க்கு ஈடாக நேரான தராசையும் போட்டி விலையையும் பெறுகிறார். ஆகவே ‘கட்டணம் யார் பெயரில்?’ என்ற கேள்வியை விட ‘கட்டணத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன?’ என்ற கேள்வியே முதன்மையானது.

சிறு பொருளின் பெருஞ்சுமை

நம் மனத்தை உறுத்தும் செய்தி இன்னொன்று உண்டு. நிலையான தொகையும் சதவிகிதமும் சேர்ந்த கட்டணம் எல்லாரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. முன்பு சொன்ன 70 சென்ட், 5 சதவிகிதம் என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். 100 யூரோ விலையுள்ள மேலங்கிக்குக் கட்டணம் 5 யூரோ 70 சென்ட். விலையில் 6 சதவிகிதம்கூட இல்லை. 20 யூரோ விலையுள்ள காலணிக்கு 1 யூரோ 70 சென்ட், எட்டரை சதவிகிதம். குழந்தைக்கு வாங்கும் 2 யூரோ சட்டைக்கோ 80 சென்ட்; விலையில் 40 சதவிகிதம்! அனுப்பும் செலவு இன்னும் தனியே இருக்கிறது.

பழைய பொருளை நாடி வருபவர் யார்? சிக்கனத்துக்காக வருபவரும் உண்டு. வேறு வழியின்றி வருபவரும் உண்டு. மிகச் சிறிய பொருளை வாங்கும் மிக எளியவர்தான் விலையில் மிகப் பெரிய பங்கைக் கட்டணமாகச் செலுத்துகிறார். சுண்டைக்காய்க்கே சுமைகூலி மிகுதி என்ற நம் பாட்டியின் கணக்கு தப்பவில்லை பாருங்கள்! ஒரு பணப் பரிமாற்றத்தைக் கையாளும் செலவு பொருள் சிறியதானாலும் குறைவதில்லை என்று சந்தை நடத்துவோர் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் எளியோர் வாங்கும் சிறு பொருள்களுக்கு ஒரு வரம்பு வைப்பது அறத்துக்கு உகந்த செயலாக இருக்கும் என்பது நம் எண்ணம்.

இதற்கு நம் பக்கத்திலிருந்து ஒரு வழியும் உண்டு. ஒரே விற்பவரிடம் பல சிறு பொருள்கள் இருந்தால் அவற்றை ஒரே கட்டாக வாங்குதல் வேண்டும். நிலையான தொகையும் அனுப்பும் செலவும் ஒரு முறையோடு நின்றுவிடும். பள்ளிச் சீருடை, புத்தகம், குழந்தை ஆடை போன்றவற்றையோ, இணையத்தில் தேடாமல் நம் பங்கிலும் அன்பியத்திலும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதே மேல். அங்கே தரகும் இல்லை, தபாற்செலவும் இல்லை.

சொட்டுச் சொட்டாய் ஏறும் விலை

கட்டணம் வாங்குவது குற்றமன்று. மறைப்பதுதான் குற்றம். முதற் பக்கத்தில் ஒரு விலை. முகவரி எழுதியபின் இன்னொரு விலை. பணம் கட்டும் கடைசிப் படியில் மூன்றாவது விலை. அதற்குள் நாம் அரைமணி நேரம் செலவிட்டிருப்போம். பிள்ளைகள் பொருள் வந்துவிட்டதாகவே எண்ணிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். இனிப் பின்வாங்க மனம் வராது. இந்த மனநிலையை அறிந்தே விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

இதனை அரசுகள் உணரத் தொடங்கியுள்ளன. 2022-இல் இத்தாலி நாட்டின் போட்டி ஒழுங்கு ஆணையம், விண்டட் நிறுவனத்துக்கு 15 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. கட்டணமே இல்லாதது போல விளம்பரம் செய்துவிட்டு, வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் முதல், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 2020 ஜூலையில் வெளியான மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விலையை ஒரே மொத்தத் தொகையாகவும், அனுப்பும் செலவு முதலிய எல்லாக் கட்டணங்களையும் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாங்குவோரை மயக்கும் 13 வகைச் சூழ்ச்சிகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், நாம் கேட்காத ஒன்றை நம் கூடையில் நைசாகச் சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும்.

சிறு கட்டணம்தானே என்று அசட்டையாக இருப்பதும் தவறு. உணவு கொண்டுவந்து தரும் ‘ஸ்விக்கி’, ‘சொமேட்டோ’ ஆகிய நிறுவனங்கள் 2023-இல் ‘தளக் கட்டணம்’ என்று 2 ரூபாய் வாங்கத் தொடங்கின. 2024 இறுதிக்குள் அது 10 ரூபாய் வரை ஏறிவிட்டது. நாம் கவனிக்காத கட்டணம் வளரும்.

சட்டம் நிற்கும் எல்லை

இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. மேற்சொன்ன 2020-ஆம் ஆண்டு விதிகளே, ஒரு தனி மனிதர் தொழிலாக அல்லாமல் தம் சொந்த நிலையில் எப்போதாவது செய்யும் விற்பனைக்குத் தாம் பொருந்தா என்று சொல்கின்றன. கடையில் வாங்கிய தையல் இயந்திரம் பழுதானால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அடுத்த ஊரில் வாழும் ஒரு தனி மனிதர் தம் பழைய இயந்திரத்தை விற்று நம்மை ஏமாற்றினால், நுகர்வோர் சட்டத்தின் கதவு அத்தனை எளிதில் திறவாது. மோசடிக்குக் காவல் துறையையோ, பணத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ நாட வேண்டியதுதான். 6,500 ரூபாய்க்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடியும்?

ஆகவேதான், தனி மனிதரிடம் வாங்கும்போது சந்தை தரும் பாதுகாப்பு பொருளுடையதாகிறது. சட்டத்தின் குடை எட்டாத இடத்தில் வாடகைக் குடை பிடிப்பது போன்றது அது. மேலும் ஒரு செய்தி: கட்டணம் கொடுத்துச் சேவை பெறுபவர் நுகர்வோர் என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. நம்மிடம் பாதுகாப்புக் கட்டணம் பெற்ற சந்தை, அந்தப் பாதுகாப்பைத் தரவில்லையானால், விற்பவர் யாராயினும் சந்தையை நோக்கி நாம் கேள்வி கேட்கலாம். கட்டணச் சீட்டு நம் உரிமைச் சீட்டும் ஆகும். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, பேரம் பேசத் தொடங்கும் முன்பே கடைசிப் படி வரை சென்று மொத்தத் தொகையைப் பாருங்கள். அந்த மொத்தத்தையே பொருளின் விலையாகக் கொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதாக, பாதுகாப்பு என்பது எதை, எத்தனை நாளுக்குக் காக்கிறது என்று கேட்டறியுங்கள். விண்டட் சந்தையில் பொருள் வந்து சேர்ந்த 2 நாட்களுக்குள் குறையைச் சொல்லியாக வேண்டும். கட்டை அவிழ்க்காமல் ஒரு வாரம் பரண்மேல் வைத்தவருக்குக் கட்டணம் கட்டியும் பயனில்லை. பொருள் வந்த அன்றே பிரித்து, பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, கட்டணம் உள்ள சந்தையில் கட்டணத்தைத் தவிர்க்கச் சொல்லி எவர் அழைத்தாலும், அவ்வழைப்பையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். நேர்மையான விற்பவருக்கு அந்தக் கட்டணத்தால் பெரிய நட்டமில்லை. நம்மை வெளியே இழுக்க அவசரப்படுபவர் அந்தக் காவலுக்கு அஞ்சுபவராக இருக்கலாம்.

நான்காவதாக, கட்டணம் இல்லாத விளம்பரச் சந்தையில் வாங்குவதானால் பொருளை நேரில் கண்டு, இயக்கிப் பார்த்து, அதன்பின்னரே பணம் கொடுங்கள். இருசக்கர வாகனமானால் பதிவுச் சான்று விற்பவர் பெயரில் உள்ளதா என்று பாருங்கள். பழைய கைப்பேசியானால் நட்சத்திரம், சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் அதன் 15 இலக்க எண் தெரியும். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, அது திருட்டுப் பொருளென முடக்கப்பட்டதா என்று சோதிக்கலாம்.

ஐந்தாவதாக, நாம் விற்பவராக இருக்கும்போது, ‘இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து இரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் உங்களுக்கு வரும்’ என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மௌனமாக இருக்க வேண்டாம். பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவ்வாய்ப்பைக் குறைக்கும். கட்டணத்தை மறைத்தது போன்ற குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

விற்பவரின் மனச்சான்று

சந்தையின் குறைகளை மட்டும் பேசிவிட்டு நம் பங்கை மறந்துவிடலாகாது. இந்தக் கட்டணங்கள் எல்லாம் ஏன் தோன்றின? முன்பின் அறியாதவரை நம்ப முடியவில்லை என்பதால் அல்லவா? பொய் மலிந்த இடத்தில் காவலுக்குக் கூலி ஏறும்.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் நூலில் வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்தைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். பொருளின் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டுமா என்று கேட்கிறார். ஒரு கண் இல்லாத குதிரையை விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை, அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால் போதும். ஏனெனில் அது எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வெளியே தெரியாத, வாங்குபவருக்குத் தீங்கோ நட்டமோ விளைக்கும் குறையைச் சொல்லாமல் விற்பது அநீதி என்று அவர் தீர்க்கிறார். ஏழு நூற்றாண்டுகள் கடந்தும் அந்த அளவுகோல் துருப்பிடிக்கவில்லை. இணையத்தில் வெளியிடும் படத்தில் குதிரையின் கண்ணும் தெரிவதில்லை! ஆகவே இணையத்தில் விற்கும் நாம், வெளிப்படையான குறையையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘மோட்டார் சூடாகிறது’, ‘பெல்ட் மாற்ற வேண்டும்’ என்று எழுதுவதால் 200 ரூபாய் குறையலாம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம்.

சந்தை நடத்துவோரிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. கட்டணம் வாங்குங்கள், அதை முதற் பக்கத்திலேயே சொல்லுங்கள். எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைத் தமிழில், எளியவருக்கும் விளங்கும்படி எழுதுங்கள். பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் உண்மையிலேயே பாதுகாத்துக் காட்டுங்கள். சிறு பொருளை வாங்கும் சிறியவரைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நம் விற்பனைக்கூடத்து வியாபாரி ஏலத்துக்கு முன்பே தம் கட்டணத்தை அறிகிறார். திருப்பனந்தாள் குத்தகைக்காரரின் மகளுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடைக்கக் கூடாது?

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஓர் இயந்திரம் கிடைத்திருக்கிறது. கும்பகோணத்தில் தையல் தொழிலை விட்ட ஒரு முதிய அம்மையாரிடம், நேரில் சென்று, துணி வைத்துத் தைத்துப் பார்த்து, 4,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஆயிரம் ரூபாய் முன்பணம். மீதி சம்பா அறுவடைக்குப் பிறகு. பஸ்ஸின் மேலே ஏற்றி இறக்கிய சுமைகூலி 100 ரூபாய். அந்தச் சுமைகூலியை அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள். ஏனெனில் அது எவ்வளவு என்பதும், யாருக்கு என்பதும், எதற்கு என்பதும் ஏற்றுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.